மடையில் கட்டாத வலை

ஜூலை 2

அக்கா,

உன் தம்பிதான். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, ஒரு பக்கமாவது படி. "இனிமே என்கிட்ட பேசாதே, என் வரப்புல கால் வைக்காதே"ன்னு சொன்னாய். இரண்டு வருஷமாகப் பேசவில்லை, கால் வைக்கவில்லை. எழுதக் கூடாது என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பதினோரு வீடு. அதற்கு ஸ்டாம்ப் ஒட்டுகிறேனே என்று தபால்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நட்டு எட்டு நாள் ஆன வயல். நேற்று சாயங்காலம் பச்சையாக நின்றது. இன்று காலையில் போனால் வெறும் தண்ணீர். வழி தப்பி வேறு யார் வயலுக்கோ வந்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பினேன். உன் மோட்டார் ரூம் மேலே தெரிந்தது. வந்த இடம் சரிதான். நாற்றெல்லாம் தண்ணீர் மட்டத்தோடு வெட்டுப்பட்டு, இலைகள் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. மாடு மேய்ந்திருந்தால் குளம்புத் தடம் இருக்கும். எவனாவது வேண்டாதவன் அறுத்திருந்தால் காலடி இருக்கும். ஒன்றுமே இல்லை. சேற்றுக்குள் கையை விட்டேன். முதல் பிடியிலேயே ஏழு நத்தை வந்தது.

என் வீட்டுக்காரி அந்த இலைகளை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு போய் ஆட்டுக்குப் போட்டாள்.

உன் வயல் எனக்கு மேலேயே இருக்கிறது, அதே தண்ணீர்தான். அது மட்டும் எப்படிப் பச்சையாக நிற்கிறது? நீ என்ன செய்கிறாய் என்று எழுது. பேச வேண்டாம், எழுதினால் போதும்.

தம்பி

*

ஜூலை 4

தம்பிக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். ஏழு நத்தை என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் வயல் விஷயத்துக்கு வருவேன். பங்கு பிரித்த அன்று நாலு பேர் முன்னால் என்னைப் பார்த்து, "கட்டிக் கொடுத்த பொண்ணு, உனக்கு வயல் பாக்கத் தெரியுமா?"ன்னு கேட்டாய். இப்போது அந்த வயல் பார்க்கத் தெரியாதவளிடம்தான் வழி கேட்டு எழுதுகிறாய். இதை நான் சொல்லிக்காட்டாமல் இருப்பேன் என்று நினைத்தாயா? சொல்லியாயிற்று. இப்போது கேள்.

தண்ணீரை ஒரு விரல் ஆழத்துக்கு மேல் நிறுத்தாதே. தண்ணீர் குறைந்தால் அதுகளால் ஊர முடியாது, அப்படியே கிடக்கும். வரப்பு ஓரமாகச் சின்னதாகச் சால் இழுத்து விடு, தண்ணீர் தேடி எல்லாம் அதில் வந்து விழும், குனிந்து அள்ளலாம். விடிந்ததும் ஒரு தடவை, பொழுது சாய்வதற்கு முன்னால் ஒரு தடவை. அங்கங்கே குச்சி நட்டு வை, முட்டையை அதில் ஏறி வந்து இடும். ரோஸ் கலரில், பார்த்தால் பலகாரம் மாதிரி அழகாக இருக்கும், ஏமாந்துவிடாதே, வழித்துப் போட்டு நசுக்கு. நாற்றை இருபது நாளில் பிடுங்காமல் ஒரு மாதம் விட்டு, தண்டு தடித்த பிறகு நடு. நான் ஜூன் கடைசியில் அப்படி நட்டதுதான் நிற்கிறது. நீ எல்லாவற்றுக்கும் அவசரப்படுவாய், வாயும் அப்படித்தான்.

பொறுக்கினதை நான் வீணாக்குவதில்லை. என் பதினாலு வாத்துக்கும் ஒரே நாளில் அவ்வளவு தின்ன முடியாது. அதனால் மோட்டார் ரூம் பக்கத்துத் தொட்டியில் கொட்டி, தகரம் போட்டு மூடிவைக்கிறேன். உயிரோடு இருந்தால்தான் நாற்றம் அடிக்காது. தினம் ஒரு வாளி மொண்டு, நசுக்கிப் போடுகிறேன். போன போகத்திலிருந்து இப்படித்தான். வாத்துகளை வந்து பார், நடக்க முடியாமல் கொழுத்துத் திரிகிறது. சரி, வந்து பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. உனக்கு இரண்டு மடை. பெரிய வாய்க்காலிலிருந்து வருகிற மடையில் கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டு, அங்கிருந்துதான் இந்தச் சனியன் வருகிறது. என் வயல் பக்கத்து மடையில் கட்டாதே. என்னைத் தாண்டி வருகிற தண்ணீருக்கு வலை கட்டினால், என் தண்ணீர் அழுக்கு என்று ஊருக்கே சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

அக்கா

*

ஜூலை 14

அக்கா,

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். சிரிக்காதே, வரப்பு ஓரச் சால் கூட நூல் பிடித்து இழுத்தேன். பெரிய வாய்க்கால் மடையில் வலை கட்டி, ஓரத்துக்குக் கல் வைத்து மிதித்திருக்கிறேன். மேலத்தெருக்காரர் வயலில் மிச்சமிருந்த ஒரு மாத நாற்றைக் கேட்டு வாங்கி இரண்டாவது தடவை நட்டோம். தினம் காலையும் மாலையும் நானும் அவளும் குனிந்து பொறுக்கிப் பொறுக்கி, இப்போது நிமிர்ந்து நடந்தால் ஏதோ மரியாதைக் குறைவாகச் செய்வது போல இருக்கிறது.

ஒரே வாரத்தில் அதுவும் பாதி போய்விட்டது.

எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. பெரிய வாய்க்கால் பக்கம் இப்போது சுத்தமாக இருக்கிறது. மேல் மூலையில்தான் வந்து குவிகிறது. உன் பக்கத்து மூலையில். வருகிறதெல்லாம் சட்டைப் பொத்தான் அளவு. எல்லாம் ஒரே அளவு, அளந்து செய்தது போல. விவசாய ஆபீஸில் புதிதாக வந்திருக்கும் பெண் நேற்று வந்து பார்த்தாள். பத்து நத்தையைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரே வயசுங்க. எங்கயோ பக்கத்துலதான் கூட்டமா பொரியுது"ன்னாள். மேல் மடையிலும் வலை கட்டச் சொன்னாள். "அது எங்க அக்கா தண்ணி, அதுக்கு வலை வேண்டாம்"ன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நோட்டில் எழுத எடுத்த பேனாவை மூடிக்கொண்டாள்.

உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

தம்பி

*

ஜூலை 17

தம்பிக்கு,

தோன்றுகிறதா என்றா கேட்கிறாய்? எனக்கு இப்போது தலையில் இடி விழுந்தது போல இருக்கிறது.

நேற்று உன் மாமா அரவை மில்லில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தாராம். செங்கல் சூளைக்காரர் வந்து நின்று, "உங்க மச்சான் வயலு நமக்கு வருது. ஆகஸ்ட் அஞ்சாம் தேதி மிஷின் இறக்கறேன். நல்ல களிமண்ணு"ன்னு சொல்லியிருக்கிறார். மாமா சாப்பிட உட்கார்ந்தபோது இதைச் சொன்னார். நான் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மூன்று அடி மண்ணை எடுத்துவிட்டால் அது வயலா? அப்பா கல் பொறுக்கிப் பொறுக்கி மெத்தை போல ஆக்கின மண். அதைச் சுட்டு எவன் வீட்டுச் சுவரிலோ வைக்கப் போகிறாயா? அந்தப் பள்ளத்தில் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். நத்தைக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இரண்டு நடவு போனால் வயலையே விற்கிற ஆளா நீ? என்னிடம் கத்துகிற தைரியம் நத்தையிடம் எங்கே போயிற்று?

பொய் என்று எழுது. சூளைக்காரர் குடித்திருந்தார் என்று எழுது.

அப்புறம், "உன் பக்கத்து மூலையில்" என்று எழுதியிருக்கிறாயே, அதில் என்ன குத்தல்? என் வயலில் இப்போது தேடினால் பத்து நத்தை கிடைக்காது. அவ்வளவு பொறுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாயால் சொன்னதை இப்போது மூலையைக் காட்டிச் சொல்கிறாயா?

அக்கா

*

ஜூலை 24

அக்கா,

சூளைக்காரர் குடிக்கவில்லை. நான்தான் வாக்குக் கொடுத்தேன். எங்கள் நாற்றங்காலில் கடைசியாக இருந்த நாற்றை இருபதாம் தேதி நட்டுவிட்டோம். இது மூன்றாவது. வேறு நாற்று இல்லை, விதைக்கப் பருவமும் இல்லை. இதுவும் போனால் அஞ்சாம் தேதி வயல் அவருடையது. சூளையில் கல் அடுக்குகிற வேலை எனக்குத் தருகிறேன் என்றிருக்கிறார். நாற்று நின்றால் வயலைத் தர மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதான் பேச்சு.

குத்திக்காட்ட எழுதவில்லை. சத்தியமாக இல்லை.

பத்தொன்பதாம் தேதி நீ வீட்டில் இல்லாதபோது எங்கள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு உன் மோட்டார் ரூம் பக்கம் ஓடிவிட்டது. என் வீட்டுக்காரி போய்ப் பிடித்துவந்தாள். உன் வரப்பில் கால் வைத்தது அவள், நான் இல்லை. ஆடு தகரத்தின் மேல் ஏறி அதைப் பின்னால் தள்ளிவிட்டதாம், அவள் திரும்ப மூடிவைத்துவிட்டு வந்தாள்.

(இந்த இடத்தில் இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காதே. ஒன்றும் இல்லை.)

நாற்று இதுவரை நிற்கிறது. உன் வாத்துகள் எப்படி இருக்கின்றன?

தம்பி

*

ஜூலை 28

தம்பி,

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் பார்த்தேன். நீ பார்க்காதே என்று சொன்னதை நான் என்றைக்குப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். "தொட்டி" என்ற ஒரு வார்த்தைதான் தெரிந்தது. நான் மழுங்கல்தான், அப்போதும் புரியவில்லை.

இன்று காலை ஆபீஸ் பெண் என் வயலைப் பார்க்க வந்தாள். பக்கத்து ஊர் விவசாயப் பெண்களை வண்டியில் கூட்டிவந்து காட்டப்போகிறாளாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சேலை கட்டிக்கொண்டு, வரப்பு ஓரம் இழுத்த சாலைக் காட்டினேன், குச்சியைக் காட்டினேன், வாத்தைக் காட்டினேன். "பொறுக்கினத எங்கக்கா போடறீங்க?"ன்னு கேட்டாள். பெருமையாகத் தொட்டிக்குக் கூட்டிப்போனேன்.

நான் தினம் தகரத்தின் முன்மூலையை மட்டும் தூக்கி, வாளியை விட்டு மொண்டுகொண்டு மூடிவிடுவேன். ஐந்து மாதமாக அப்படித்தான். அவள் முழுத் தகரத்தையும் இழுத்துவிட்டாள்.

தண்ணீருக்கு மேலே உள்சுவர் நாலு பக்கமும் ரோஸ் கலர். சுண்ணாம்பு அடித்தது போல, சிமென்ட்டே தெரியாமல், அடுக்குக்கு மேல் அடுக்காக முட்டை. தகரத்தின் அடியிலும் முட்டை. வெயில் படாமல், காற்றுப் படாமல், ஈரத்தில், நானே கூரை போட்டுக் கொடுத்திருக்கிறேன். தினம் வாத்துக்கு ஒரு வாளி எடுத்தேன், அது ஆயிரமாயிரமாகப் போட்டிருக்கிறது.

அந்தப் பெண் மெதுவாகத்தான் சொன்னாள். "அக்கா, நீங்க பொறுக்கினது எல்லாம் சரி. ஆனா இங்க வளத்திருக்கீங்க." அப்புறம் தொட்டியைச் சுற்றி வந்தாள். மோட்டார் போட்டால் நிரம்பி வழிகிற தண்ணீர் போகிற குழாயைப் பார்த்து, "இது எங்க போகுது?" என்றாள். கையை நீட்டிக் காட்டினேன். குழாய்க்குள் கையை விட்டாள். ஒரு கை நிறைய எடுத்தாள். பொத்தான் அளவு. எல்லாம் ஒரே அளவு.

அந்தக் குழாய் சின்ன வாய்க்காலில் விழுந்து, என் வயலை ஒட்டிக்கொண்டே போய் உன் மேல் மடையில்தான் இறங்குகிறது. என் நாற்றுக்கு மோட்டார்த் தண்ணீர் தனிக் குழாயில் போவதால், இதிலிருந்து ஒரு சொட்டுகூட அதற்குள் வராது. என் வயல் பச்சையாக நிற்கிற ரகசியம் அதுதான்.

நான்தான்டா. உன் இரண்டு நடவையும் தின்றது நான்தான். உன்னை அவசரக்காரன் என்று எழுதின கையால்தான் தினம் மோட்டார் சுவிட்சைப் போட்டேன். வலை கட்டாதே என்று வேறு எழுதினேன்.

எழுத்துக் கோணுகிறது. நாளைக்குத் தொட்டியை ஒரு வழி பண்ணுகிறேன். உன் வயல் இன்னும் நிற்கிறதா? அதை மட்டும் சீக்கிரம் எழுது.

அக்கா

*

ஜூலை 31

அக்கா,

பாதிக்கு மேல் போய்விட்டது. மேல் மூலையிலிருந்து நடு வரைக்கும் வெறும் தண்ணீர். இதற்கு மேல் உன்னிடம் மறைப்பதில் அர்த்தம் இல்லை.

எனக்கு முன்பே தெரியும். ஆடு தகரத்தைத் தள்ளினபோது அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து ஆட்டைக் கட்டுவதற்கு முன்னாலேயே, "உங்க அக்கா தொட்டி முழுக்க முட்ட"ன்னாள். மறுநாள்தான் கடைசி நாற்றை நட்டோம். தெரிந்துகொண்டேதான் நட்டேன்.

அவள் உன்னிடம் உடனே சொல்லப் போனாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். என்ன சொல்வது என்று நினைத்துப் பார். தொட்டியில் இப்படி வளர்க்கிறாயே, உனக்கு வயல் பார்க்கத் தெரியவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லி இரண்டு வருஷம் அக்கா இல்லாமல் இருந்தேன். இன்னொரு தடவை சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்தக் கடிதத்தில் எழுதிப்பார்த்தேன், அடித்துவிட்டேன்.

வலை கட்டினாலும் நீ பார்ப்பாய். அதனால் மூங்கில் கூடையை மடையில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். விடியற்காலை நீ மோட்டார் போடுகிற நேரம் தெரியும். தண்ணீர் நிற்கிற வரை பிடித்துக்கொண்டிருந்து, நீ இந்தப் பக்கம் வருவதற்குள் எடுத்துவிடுவேன். நாலு நாள் நன்றாக நடந்தது. அப்புறம் கரண்ட் கண்ட கண்ட நேரத்தில் வர ஆரம்பித்தது. நான் இல்லாத நேரத்திலெல்லாம் நீ மோட்டார் போட்டாய். கூடையின் பின்னலும் விட்டுவிட்டது.

உன்மேல் கோபம் இல்லை. சூளைக்காரர் அஞ்சாம் தேதி காலை எட்டு மணிக்கு வருகிறார். நீ அன்றைக்கு மோட்டார் ரூம் பக்கம் வராதே, பார்க்க நன்றாக இருக்காது.

தம்பி

*

ஆகஸ்ட் 3

டேய்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உன் மாமா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மடை ஓரம் சேற்றில் இரண்டு முழங்கால் பதிந்த குழியைப் பார்த்தேன். ஏதோ நாய் படுத்திருக்கிறது என்று நினைத்து, மண்வெட்டியால் மூடினேன். மறுநாளும் இருந்தது, மறுநாளும் மூடினேன். அது நீ.

உனக்கு மூளை இருக்கிறதா? எனக்கு ரோஷம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அப்பா மண்ணையே சூளைக்குக் கொடுப்பாயா? நீ என்னை நாலு பேர் முன்னால் கேட்டபோது வலித்தது. ஆனால் என்னிடம் ஒரு உண்மையைச் சொல்லப் பயந்து உன் சோற்றை நீயே கொட்டினாயே, அதைப் படித்தபோது வலித்தது வேறு வலி. நான் அவ்வளவு பெரிய பூதமாகவா ஆகிவிட்டேன்? இதை நினைத்துத்தான் நேற்று முழுக்க அழுதேன். போதும், அழுதாயிற்று.

தொட்டி இப்போது இல்லை. நானும் மாமாவும் கடப்பாரையால் உடைத்துவிட்டோம். அதற்கு முன்னால் குழாயை அடைத்து, தண்ணீரை வற்றவைத்து, முட்டை எல்லாவற்றையும் சுரண்டி, நத்தையோடு சேர்த்துக் குழி வெட்டிப் போட்டு, நசுக்கி, சுண்ணாம்பு கொட்டி மூடினோம். உன் மேல் மடையில் வலை கட்டியிருக்கிறேன். நானே கட்டினேன். ஊர் பார்க்கட்டும்.

இப்போது கவனமாகப் படி. உன்னிடம் நாற்று இல்லை. என் வயலில் நிற்கிறது. நட்டு நாற்பது நாள் ஆகப்போகிறது, ஒவ்வொரு குத்தும் பத்து பதினைந்து கிளை வெடித்திருக்கிறது. தண்டு முறுகிவிட்டது, நத்தை வாயை வைத்தாலும் பல் இறங்காது. அதைக் குத்தோடு பெயர்த்து, கிளை பிரித்து உன் வயலில் நடலாம். ஆபீஸ் பெண்ணிடம் கேட்டேன். விளைச்சல் கொஞ்சம் குறையும், ஆனால் பிழைத்துக்கொள்ளும் என்றாள். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பிடுங்குகிறேன். என் வயல் சொட்டை விழுந்தது போல ஆகட்டும், பரவாயில்லை.

உன் வரப்பில் கால் வைக்க என்னை நீ கூப்பிடவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. இந்தக் கடிதம் அஞ்சாம் தேதி பதினோரு மணிக்குத்தான் உன் கைக்கு வரும். தபால்காரரைக் கேட்டுக்கொண்டுதான் போடுகிறேன். நான் விடிந்ததும் வயலில் இறங்கியிருப்பேன். எட்டு மணிக்கு வருகிற மிஷின் என் முதுகைத் தாண்டி இறங்கட்டும் பார்க்கலாம்.

அக்கா

*

ஆகஸ்ட் 5

அக்கா,

இதை உன் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தபால்காரர் வீட்டைப் பார்த்துவிட்டு, ஆள் இல்லாததால் வரப்புக்கே கொண்டுவந்து கொடுத்தார். நீ எதிர் வரப்பில் உட்கார்ந்து, காலைக் கழுவிக்கொண்டு, என் வீட்டுக்காரியோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். என்னைப் பற்றித்தான் இருக்கும். எனக்கு இன்னும் வாய் வரவில்லை. காலையில் இருந்து நாம் பேசினது, "அந்த நாத்துக் கட்ட எடு", "இந்தா", இவ்வளவுதான்.

விடிந்ததும் வயலைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று வந்தேன். நடு வயலில் ஒரு முதுகு குனிந்திருந்தது. போய்ச் சேர்ந்த அப்பாதான் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அப்புறம்தான் சேலை தெரிந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரி. அவள் எப்போது எழுந்து வந்தாள் என்றே தெரியவில்லை. மாமா மில்லுக்கு லீவு போட்டுவிட்டுத் தலையில் நாற்றுக் கட்டைச் சுமந்து வருகிறார். மேலே உன் வயல் வரிசைக்கு வரிசை வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்த்து நான் மரத்தடியில் நின்றுவிட்டேன். நீதான் திரும்பிப் பார்க்காமலே, "நிக்கறவன் ஒரு கட்ட எடுத்துட்டு வந்து நில்லு"ன்னாய்.

எட்டு மணிக்குச் சூளைக்காரர் வந்தபோது நீங்கள் மூன்று பேரும் நிமிரவில்லை. அவர் மிஷினை நிறுத்திவிட்டு என்னிடம் வந்து, "என்னப்பா, மூணாவது நடவும் போச்சுன்னா தர்றேன்னு சொன்னியே"ன்னார். "சொன்னேங்க, போச்சு"ன்னேன். "அப்ப இது என்ன?"ன்னார். "இது நாலாவதுங்க. நாலாவதப் பத்தி நாம பேசல"ன்னேன். "அதுவும் சரிதான், மூணுக்குத்தான் பேச்சு"ன்னார். அப்புறம் மிஷினைத் திருப்பிக்கொண்டு போனார்.

இந்தத் தாளை ஸ்டாம்ப் ஒட்டாமல், நானே வரப்பைச் சுற்றி வந்து உன் கையில் கொடுக்கப் போகிறேன். படித்துவிட்டு நிமிர்ந்து பார். எதிரே நிற்பேன். ஏதாவது பேசு, திட்டினாலும் சரி.

நீ நட்ட வரிசை எல்லாம் கோணல், அக்கா. வயல் பார்க்கத் தெரியவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். கோணல் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

தம்பி